பாஞ்சியாவும் அதற்கு முந்தைய பெருங்கண்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வரும் காலக்கணக்கு எல்லாம் கோடி ஆண்டுகளில். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எங்கே பொருந்தும் என்பது பிடிபடும்.

பெருங்கண்டம் என்று எதைச் சொல்கிறார்கள்?

பூமியிலுள்ள கண்டங்கள் எல்லாம், அல்லது ஏறத்தாழ எல்லாம், ஒட்டிக்கொண்டு ஒரே நிலமாகக் கிடந்தால் அது பெருங்கண்டம். அந்த 'ஏறத்தாழ' எவ்வளவு என்பதில்தான் தகராறு. மொத்தக் கண்டப் பரப்பில் முக்கால் பங்காவது சேர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு வரையறை உண்டு. அந்த அளவுகோலில் கோண்டுவானா தேறாது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா, அரேபியா, மடகாஸ்கர் அத்தனையும் அதில் இருந்தும் அது மூன்றில் இரண்டு பங்கைத்தான் ஒட்டியது. பிற்காலத்தில் பாஞ்சியா என்ற பெருங்கண்டத்தின் தென்பாதியாக ஆனது அதுதான்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: புவியியலாளருக்குக் கண்டம் கடற்கரையோடு முடிவதில்லை. கடலுக்குள் சரிந்து செல்லும் ஆழமற்ற விளிம்பும் கண்டத்தின் பகுதியே. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் கரையோரமாகப் பொருந்துவதைவிட அந்த விளிம்போரமாகத்தான் நன்றாகப் பொருந்துகின்றன. 1965இல் எட்வர்ட் புல்லார்டும் அவருடைய குழுவினரும் கணினி வைத்துச் செய்துகாட்டிய பொருத்தம் இப்படிக் கடலடி விளிம்பை எடுத்துக்கொண்டதுதான்.

பாஞ்சியாதான் முதல் பெருங்கண்டமா?

பாடப்புத்தகம் அங்கிருந்து தொடங்குவதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் அது கடைசியாக வந்தது. சுமார் 33.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒட்டத் தொடங்கி, 20 கோடி ஆண்டுகளுக்கு முன் விரியத் தொடங்கியது.

அதற்கு முன் ரோடினியா. 110 கோடியிலிருந்து 90 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையான காலத்தில் சேர்ந்து, சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. அதற்கும் முன் கொலம்பியா. நூனா என்றும் சொல்வார்கள். ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகி, 150 கோடிக்கும் 130 கோடிக்கும் இடையில் சிதறியது. கொலம்பியா என்ற பெயரை 2002இல் முன்வைத்தவர்கள் ஜான் ரோஜர்ஸும் எம். சந்தோஷும். இந்தியாவின் கிழக்குப் பகுதிக்கும் வட அமெரிக்காவின் மேற்கில் உள்ள கொலம்பியா வட்டாரத்துக்கும் இருந்த தொடர்பு அவர்களுடைய வாதத்தில் ஒரு முக்கியக் கண்ணி.

இன்னும் பின்னால் போனால் கெனோர்லாந்து, ஊர், வால்பரா என்று பெயர்கள் வரும். தென்னாப்பிரிக்காவின் காப்வால், ஆஸ்திரேலியாவின் பில்பரா என்ற இரண்டு பழம்பாறைக் கருக்களும் 280 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒட்டியிருந்தன என்பது வால்பரா வாதம். இவை எல்லாம் பெருங்கண்டங்களா, தனித்தனியாக மிதந்த சில நிலத் திட்டுகளா என்பது இன்னும் தீரவில்லை. 60 கோடி ஆண்டுகளுக்கு முன் பன்னோஷியா என்று ஒன்று இருந்ததாகச் சொல்வதும் அதே கதிதான்: ஏற்பவரும் உண்டு, ஒட்டும்போதே உடைந்துகொண்டிருந்த ஒன்றை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்பவரும் உண்டு.

பாஞ்சியா இருந்ததற்கு என்ன சான்று?

நிறைய இருக்கிறது, அவற்றில் பல ஒன்றையொன்று சாராதவை என்பதுதான் அதன் பலம்.

1912 ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஆல்ஃபிரட் வெகனர், கண்டங்கள் நகர்கின்றன என்ற தன் கருத்தை முதன்முதலாகப் பேசியபோது அவர் கையில் இருந்தவை பாறையும் தொல்லுயிர் எச்சங்களும். மீசோசாரஸ் என்ற சிறிய ஊர்வனவின் எச்சங்கள் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மட்டுமே கிடைக்கின்றன. அட்லாண்டிக்கை நீந்திக் கடக்கக்கூடிய உடல்வாகு அதற்கு இல்லை. குளோசோப்டெரிஸ் என்ற தாவரத்தின் இலைப் பதிவுகள் இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா எங்கும் உள்ளன. தென்துருவத்தை அடைந்து திரும்பும் வழியில் 1912இல் இறந்துபோன ராபர்ட் ஸ்காட் குழுவினரின் உடல்களோடு சுமார் 16 கிலோ பாறை மாதிரிகளும் கிடைத்தன. உயிர் ஊசலாடும் நேரத்திலும் அவற்றை அவர்கள் தூக்கி எறியவில்லை. அந்தக் கற்களில் குளோசோப்டெரிஸ் இருந்தது.

இன்னொன்று பனி. 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பனிப்பாறைகள் அடித்து வந்த கற்குவியல்களும், அடிப்பாறையில் அவை இழுத்த கீறல்களும் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருக்கின்றன. இன்றைய இடத்திலேயே இந்தக் கண்டங்கள் அன்றும் இருந்திருந்தால் நிலநடுக்கோட்டை ஒட்டிப் பனிப்படலம் பரவியிருக்க வேண்டும். அதே சமயம் வடக்கே பசுமையான நிலக்கரிக் காடுகளும் இருந்திருக்க வேண்டும். கண்டங்களைத் தென்துருவத்தைச் சுற்றிக் கூட்டி வைத்தால் கீறல்களின் திசையும் ஒழுங்காகிவிடுகிறது. கிழிந்த செய்தித்தாளின் துண்டுகளை ஓரம் பார்த்துச் சேர்த்தபின் அச்சு வரிகளும் தொடர்ந்து ஓடுகின்றனவா என்று சரிபார்ப்பதைப் போன்றது இது என்று வெகனரே ஒப்பிட்டார்.

ஆனாலும் அவரைப் பெரும்பாலோர் நம்பவில்லை. கண்டத்தை நகர்த்தும் விசை எது என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் பலவீனமானது. அந்த விஷயத்தில் எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. புவியியலாளர் ஆர்தர் ஹோம்ஸ் 1920களின் இறுதியிலேயே கவசத்தின் (பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள தடித்த பாறை அடுக்கின்) வெப்பச் சுழற்சியைக் காரணமாகக் காட்டினார், அதுவும் எடுபடவில்லை. 1963இல் ஃபிரெட் வைன், டிரமண்ட் மேத்யூஸ் இருவரும் கடலடிப் பாறைகளில் காந்தத் திசை மாறி மாறிப் பட்டைகளாகப் பதிந்திருப்பதற்கு விளக்கம் தந்தார்கள்: நடுக்கடல் மலைத்தொடரில் புதிய தரை பிறந்து இருபுறமும் விலகுகிறது. அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தால் அட்லாண்டிக் சுருங்கி மூடிக்கொள்ளும். வெகனர் 1930இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்துவிட்டார். இதைப் பார்க்க அவர் இல்லை.

அப்படியானால் ரோடினியாவையும் அதே வழியில் கண்டுபிடிக்கலாமே?

முடியாது. இந்தத் துறையின் பெரிய சங்கடமே இங்குதான்.

கடலடித் தரை நிலைப்பதில்லை. உருவாகிறது, விலகுகிறது, குளிர்ந்து கனத்து, கண்ட விளிம்பில் அமிழ்ந்து பூமிக்குள் போய்விடுகிறது. இன்று பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பகுதி என்பது அநேகமாக இல்லை. பாஞ்சியா உடைந்த கதைக்கு அது போதும். ரோடினியாவைப் பிரித்த கடல்களில் ஒரு தரைகூட மிச்சமில்லை. ஓடும் நீந்தும் விலங்குகளும் அப்போது இல்லாததால் தொல்லுயிர் எச்சங்களும் கைகொடுக்காது.

எஞ்சுவது மூன்று வழிகள். முதலாவது மலைத்தொடர்களின் வேர். கண்டங்கள் மோதிய இடத்தில் மலை எழும். மலை தேய்ந்து மறைந்தாலும் அழுத்தத்தில் உருமாறிய பாறைகள் பட்டையாகத் தங்கும். கனடாவின் லாப்ரடாரிலிருந்து டெக்சாஸ் வரை ஓடும் கிரென்வில் பட்டை அப்படிப்பட்டது, வயது 100 கோடியைத் தாண்டும். அதே வயதுப் பட்டைகள் மற்ற கண்டங்களிலும் துண்டு துண்டாக இருக்கின்றன. இவற்றை ஒரே மோதலின் பகுதிகளாக இணைத்துத்தான் ரோடினியாவின் படம் வரையப்பட்டது.

இரண்டாவது காந்தம். எரிமலைக் குழம்பு குளிரும்போது அதிலுள்ள மேக்னடைட் கனிமம் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்ததும் அன்றைய புவிக்காந்தத் திசையைப் பதிந்துவைத்துக்கொள்ளும். துருவத்தில் அந்தத் திசை செங்குத்தாக இறங்கும், நிலநடுக்கோட்டில் கிடையாக இருக்கும். ஆகவே சாய்கோணத்தை அளந்தால் அட்சரேகை கிடைக்கும்: கோணம் 45 டிகிரி என்றால் அந்தப் பாறை சுமார் 27 டிகிரி அட்சரேகையில் உறைந்தது என்று பொருள். தீர்க்கரேகை? அது கிடைக்காது. கண்டம் எவ்வளவு வடக்கே, எவ்வளவு தெற்கே என்று காந்தம் சொல்லும்; கிழக்கா மேற்கா என்பதில் வாய் திறக்காது. 100 கோடி ஆண்டு பழைய உலகப் படங்கள் ஆளுக்கொன்றாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது சிர்கான். மணல் அளவே இருக்கும் இந்தப் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஏறக்குறைய விடாது. பின்னால் உள்ளே காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்ததுதான் என்பதால் நல்ல கடிகாரமாகிறது. மலை கரைந்தாலும் சிர்கான் கரையாது. ஆற்றில் உருண்டு போய் வேறொரு பாறையில் குடியேறிவிடும். உலகெங்கும் சேகரித்த சிர்கான்களின் வயதைக் கூட்டிப் பார்த்தால் 270 கோடி, 190 கோடி, 110 கோடி, 60 கோடி, 30 கோடி என்று சில இடங்களில் குவிகின்றன. பெருங்கண்டங்கள் சேர்ந்த காலங்களோடு இவை ஒத்துப்போகின்றன. அந்தக் காலங்களில் புதுப் பாறை அதிகம் பிறந்ததா, மோதலில் சிக்கியதால் அழியாமல் தப்பியது மட்டும் அதிகமா என்று இன்னும் வாதிடுகிறார்கள். எனக்கு இரண்டாவது விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது.

இந்த வழிகள் தரும் முடிவு சில நேரம் வியப்பூட்டும் துல்லியத்தோடு வரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள ஜார்ஜ்டவுன் பகுதியின் 170 கோடி ஆண்டுப் படிவுப் பாறைகள் சுற்றியுள்ள ஆஸ்திரேலியப் பாறைகளோடு பொருந்தாமல் கனடாவின் பாறைகளோடு பொருந்துவதாக 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. நூனா சேர்ந்து முடியும் கட்டத்தில், சுமார் 160 கோடி ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவின் துண்டு ஒன்று ஆஸ்திரேலியாவோடு மோதி ஒட்டி, பிரியும்போது அங்கேயே தங்கிவிட்டது. மறுபக்கம், ரோடினியாவில் வட அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் ஒட்டியிருந்தது யார் என்ற கேள்விக்கு அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா, தென் சீனா என்று வெவ்வேறு விடைகள் 1990களிலிருந்து போட்டியிடுகின்றன. எனவே இணையத்தில் வண்ண வண்ணமாகக் கண்டங்கள் நகரும் காணொளிகளைப் பார்க்கும்போது, 20 கோடி ஆண்டுக்கு இப்புறம் உள்ளதை நம்பலாம், 30 கோடி வரை பெரும்பாலும் நம்பலாம், 100 கோடியில் காட்டுவது ஒரு தரப்பின் வாதம் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

கண்டங்கள் ஏன் ஒன்று சேர்கின்றன?

பழைய, குளிர்ந்த கடல்தரை கவசத்துக்குள் அமிழும்போது தன் பின்னால் வரும் தட்டையும், அதாவது கண்டங்களையும் கடல்தரையையும் சுமக்கும் பாறைப் பலகையையும், இழுத்துக்கொண்டு போகிறது. தட்டுகளை நகர்த்தும் விசைகளில் இதுவே பெரியது. இரு கண்டங்களுக்கு நடுவே உள்ள கடலின் ஓரத்தில் இப்படி அமிழ்வு தொடங்கினால் கடல் சிறுத்துக்கொண்டே வரும், கடைசியில் கண்டங்கள் மோதும். கண்டப் பாறை எடை குறைந்தது; அமிழாமல் மடிந்து மலையாகும்.

அட்லாண்டிக் இருக்கும் இடத்தில் முன்பு ஒரு கடல் இருந்து, மூடி, மீண்டும் திறந்ததோ என்று 1966இல் கேட்டவர் ஜே. டூசோ வில்சன். அந்தப் பழைய கடலுக்கு இயாபெட்டஸ் என்று பெயர். சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் அது மூடியதன் தழும்பு பிரிட்டனுக்குக் குறுக்கே, ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் சந்திக்கும் எல்லைக்கு அருகே ஓடுகிறது. அதற்கு முந்தைய காலத்துப் பாறைகளில் இருபுறமும் வெவ்வேறு வகை டிரைலோபைட்டுகள் (அழிந்துபோன, ஓடுள்ள கடல் விலங்குகள்). இரண்டு நாடுகளின் எல்லை அங்கே அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல்.

சேர்ந்தது ஏன் உடைகிறது?

ஒரே காரணம் சொல்லி முடிக்க முடியாத கேள்வி. பெருங்கண்டம் பரந்த தடித்த மூடியாகக் கிடப்பதால் அடியில் கவசத்தின் வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்கிறது என்பது ஒரு விளக்கம். பெருங்கண்டத்தைச் சுற்றிலும் கடல்தரை அமிழ்வதால் விளிம்புகள் வெளிநோக்கி இழுக்கப்படுகின்றன என்பது இன்னொன்று. ஆழத்திலிருந்து எழும் வெப்பத் தூண்கள் கண்டத்தை அடியிலிருந்து உப்பவைத்துப் பிளக்கின்றன என்பது மூன்றாவது. ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக்குக்கும் கீழே, கவசத்தின் அடித்தளத்தில், நில அதிர்வு அலைகள் மெதுவாகச் செல்லும் இரண்டு மாபெரும் பகுதிகள் இருக்கின்றன. வெப்பத் தூண்கள் பல அவற்றின் ஓரங்களிலிருந்து கிளம்புவதாகக் கருதுகிறார்கள்.

வெப்பத் தூண் மட்டுமே கண்டத்தை உடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் பிரம்மாண்டமான எரிமலைப் பெருக்கு நடந்தது. சைபீரியா பிளந்து கடலாகவில்லை. சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் நடுவே ஏறத்தாழ 2,000 கி.மீ. நீளத்துக்கு விழுந்த பிளவும் பாதியில் நின்றுபோனது. பெரும்பாலும் பழைய மோதல் தழும்புகள் வழியேதான் புதிய பிளவு ஓடுகிறது, பலவீனம் அங்கே ஏற்கெனவே இருப்பதால்.

பாஞ்சியா எந்த வரிசையில் உடைந்தது?

20.1 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய வட அமெரிக்காவும் வடமேற்கு ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்த இடத்தில் பெரும் லாவாப் பெருக்கு. டிரையாசிக் காலத்தின் முடிவில் நடந்த பேரழிவோடு அது ஒத்துவருகிறது. அதன்பின் மத்திய அட்லாண்டிக் திறந்து, வடக்கே லாரேசியாவும் தெற்கே கோண்டுவானாவும் பிரிந்தன. 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவிலும் அண்டார்க்டிகாவிலும் மற்றொரு பெருக்கு வந்தது, கோண்டுவானாவின் முறை தொடங்கியது. தென் அட்லாண்டிக் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் திறந்தது. கிரீன்லாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே கடல் புகுந்தது சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். ஆஸ்திரேலியா அண்டார்க்டிகாவை விட்டு முழுதாக விலகப் பின்னும் காலம் பிடித்தது.

வேகம் அதிகமில்லை. ஆண்டுக்கு 2.5 செ.மீ. என்று வைத்துப் பெருக்கினால் 18 கோடி ஆண்டுகளில் 4,500 கி.மீ. வருகிறது, அட்லாண்டிக்குக்கு அது போதும்.

இந்தியா மட்டும் ஏன் அவ்வளவு வேகமாக வந்தது?

மடகாஸ்கரைச் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் விட்டுப் பிரிந்த இந்தியா, ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 செ.மீ.க்கு மேல் வடக்கே ஓடியது. கண்டம் சுமந்த தட்டுக்கு இது அசாதாரணம். மற்ற கோண்டுவானாத் துண்டுகளைவிட இந்தியத் தட்டின் அடிப்பகுதி மெலிந்திருந்தது, இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்கு அடியிலுள்ள வெப்பத் தூண் அடியிலிருந்து தள்ளியது, வடக்கே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அமிழ்வு மண்டலங்கள் சேர்ந்து இழுத்தன என்று மூன்று விளக்கங்கள் உள்ளன. ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காண லாவா கொட்டியபோது அந்த இடம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்ததை அந்தப் பாறைகளின் காந்தமே காட்டிக்கொடுத்துவிட்டது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதல். நடுவில் இருந்த டெத்திஸ் கடல் காணாமல் போனது. எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புக்கல்லில் கடல் உயிரிகளின் எச்சங்கள் இருப்பது அதனால்தான். தள்ளல் இன்னும் நிற்கவில்லை.

அப்படியானால் லெமூரியா?

தமிழில் இந்தத் தலைப்பை எங்கே தொட்டாலும் இந்தக் கேள்வி வந்துவிடும், தவிர்ப்பதில் பயனில்லை. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதை விளக்க, நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று கருதி லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்கள் நகரும் என்பது தெரியாத காலத்தில் அது நியாயமான ஊகம். நகரும் என்பது தெரிந்தபின் மூழ்கிய பாலம் தேவைப்படவில்லை: இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியே இருந்தன. வேடிக்கை என்னவென்றால், லெமூரியாவுக்குப் பெயர் தந்த லெமூர்களின் (குரங்குகளுக்கு உறவான விலங்குகளின்) மூதாதையர் மடகாஸ்கருக்கு வந்ததே தீவு தனியான பிறகு, ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து.

மொரீஷியஸின் எரிமலைப் பாறைகளில் 300 கோடி ஆண்டு வயதுள்ள சிர்கான்கள் 2017இல் அறிவிக்கப்பட்டன. தீவின் வயதோ ஒரு கோடி ஆண்டுகூட ஆகவில்லை. எனவே அடியில் பழைய கண்டத் துணுக்கு ஒன்று இருக்கிறது, மொரீஷியா என்று பெயர். இதைக் குமரிக்கண்டத்துக்குச் சான்றாகப் பகிர்கிறவர்கள் காலத்தைக் கவனிப்பதில்லை. அது பிரிந்து மூழ்கியபோது மனிதர் தோன்ற இன்னும் பல கோடி ஆண்டுகள் இருந்தன. கடைசிப் பனியுகத்துக்குப் பின் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் உயர்ந்து உலகெங்கும் கரையோர நிலங்களை விழுங்கியது வேறு விஷயம். அதை மனிதர்கள் கண்டார்கள். கண்டம் மூழ்குவதும் கரை மூழ்குவதும் ஒன்றல்ல.

உயிர்களுக்கும் காலநிலைக்கும் என்ன ஆகிறது?

பெருங்கண்டத்தின் உட்பகுதிக்குக் கடல் ஈரம் எட்டுவதில்லை. பாஞ்சியாவின் நடுப்பகுதி பாலைவனம், ஓரங்களில் கடும் பருவமழை. உடையும்போது நிலைமை தலைகீழ்: புதிய நடுக்கடல் மலைத்தொடர்கள் சூடாக உயர்ந்து நிற்பதால் கடல் நீர் நிலத்தின்மேல் ஏறுகிறது. டைனோசர்களின் கடைசிக் காலகட்டமான கிரெட்டேசியஸ் காலத்தில் வட அமெரிக்காவை ஒரு கடல் இரண்டாக வகுத்திருந்தது.

ரோடினியாவின் கதை இன்னும் கடுமையானது. அதன் பெரும்பகுதி வெப்ப மண்டலத்தில் கிடந்தது. உடைந்தபோது உள்நாட்டுக்கு மழை வந்தது. புதிதாகக் கொட்டிய பசால்ட் பாறைகளை மழை அரித்தது. அந்த வேதிமாற்றம் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சியது. சுமார் 71.7 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி ஏறக்குறைய முழுவதும் பனியில் உறைந்ததற்கு இதையே முக்கியக் காரணமாகப் பலர் சொல்கிறார்கள். அந்த உறைவு 5 கோடி ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது.

பூமி விரிவதால்தான் கண்டங்கள் விலகுகின்றனவா?

இல்லை. ஒரு காலத்தில் அப்படியும் ஒரு கொள்கை இருந்தது. செயற்கைக்கோள் அளவீடுகளில் பூமியின் ஆரம் குறிப்பிடும்படி வளரவில்லை; பிறக்கும் கடல்தரைக்கு ஈடாக அமிழ்ந்து மறைகிறது.

இப்போது எங்காவது கண்டம் பிளக்கிறதா?

கிழக்கு ஆப்பிரிக்காவில். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். ஆனால் 2005 செப்டம்பரில் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் 60 கி.மீ. நீளப் பிளவு சில வாரங்களில் 8 மீட்டர் வரை அகன்றது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த இழுவிசை ஒரே மூச்சில் விடுபட்டது. இது கடலாக முடியுமா, வட அமெரிக்கப் பிளவைப் போல நின்றுவிடுமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

அடுத்த பெருங்கண்டம் எப்போது, எங்கே?

20 முதல் 25 கோடி ஆண்டுகளில் என்று பெரும்பாலான கணிப்புகள் சொல்கின்றன. இடத்தில்தான் ஒற்றுமை இல்லை. அட்லாண்டிக் மூடி பழைய கண்டங்களே மறுபடி சேரும் என்பது பாஞ்சியா அல்டிமா. பசிபிக் மூடும் என்பது நோவோபாஞ்சியா. அமெரிக்காக்களும் ஆசியாவும் வடதுருவத்தருகே கூடும் என்பது அமேசியா. பசிபிக் இப்போதே சுருங்கிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் அமிழ்வு மண்டலங்கள் இருக்கின்றன. அட்லாண்டிக்கில் அவை கரீபியன் ஓரத்திலும் தென்கோடியில் ஸ்கோஷியா வளைவிலும் மட்டுமே. அதனால் பசிபிக் மூடும் பக்கம் எனக்குச் சாய்வு அதிகம்.

2023இல் வெளியான ஒரு கணினி ஆய்வு பாஞ்சியா அல்டிமாவை எடுத்துக்கொண்டு அதன் காலநிலையைக் கணித்தது. சூரியன் அதற்குள் சுமார் 2.5 விழுக்காடு கூடுதல் ஒளியோடு இருக்கும், எரிமலைகள் கரியமில வாயுவைக் கூட்டும், உள்நாடு கடலிலிருந்து வெகுதூரம். அந்தக் கணக்கில் பாலூட்டிகள் வாழத் தகுந்த நிலம் 8 முதல் 16 விழுக்காடுதான் மிஞ்சுகிறது. அமேசியாவாக அமைந்தால், நிலம் துருவத்தருகே இருப்பதால், கணக்கு வேறாக இருக்கும்.